மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் என் பாடம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரிய வாக்குவாதம். என் சின்ன அண்ணனுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று முடிவாகி, காலை எட்டரை மணிக்குத் தியேட்டருக்கு அழைத்துப் போக வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து, "கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டீங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "ராத்திரி எட்டு மணிக்கு நாலு இட்லி, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணிக்குப் பொய் வராது. "காலையில அஞ்சரைக்கு அரை டம்ளர் காபி மட்டும் கொடுத்தேன் டாக்டர். சுகர்காரர், வெறும் வயித்தோட எப்படிக் கூட்டிட்டு வர்றது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு டாக்டர் மாத்திரைகளைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டார். சர்க்கரைக்கு அண்ணன் போடும் மாத்திரை ஒன்றை மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. "இன்னைக்கு வேண்டாம், நாலு நாள் கழிச்சுச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், குழுவில் தீப்பிடித்துக்கொண்டது. "அரை டம்ளர் காபிக்கு ஆபரேஷனைத் தள்ளுவாங்களா?" "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது." "ரூம் வாடகை ஏத்தத்தான் இதெல்லாம்." லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்த மருமகனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த டாக்டரைப் பேசிய பேச்சில் நியாயம் இல்லை. நான் அந்தச் சின்னப் பெண்ணின் பக்கம். ஏன் என்பதை அண்ணன், அண்ணி இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இருவரும் இப்போது வீட்டில் இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. டீச்சர் டிரெயினிங் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இன்று மயக்க மருந்து டாக்டராக இருக்கிறாள். அவளைத் தொல்லை பண்ணிக் கேட்டதும், நானே படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருப்பது.

நம் வீடுகளில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரி?" இரண்டாவது, "டாக்டர் யாரு?" டாக்டர் என்றால் கத்தி பிடிக்கிறவர் மட்டும்தான். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விடுவார் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

உண்மையில் நடப்பது வேறு. முழு மயக்கம் என்பது தூக்கம் இல்லை. தூங்குகிறவனை உலுக்கினால் எழுந்துவிடுவான். கிள்ளினால் கத்துவான். முழு மயக்கத்தில் நினைவும் இல்லை, வலியும் இல்லை. வயிற்று ஆபரேஷன்களில் பெரும்பாலும் தசைகளையும் தளர்த்தி வைக்கிறார்கள். மூச்சு விட உதவும் தசையும் தசைதானே? அதுவும் நின்றுவிடும். தொண்டைக்குள் ஒரு குழாய் வைத்து, மெஷின் மூச்சு விட வைக்கிறது. நோயாளியின் மூச்சையும், ரத்த அழுத்தத்தையும், இதயத் துடிப்பையும் ஒருவர் தலைமாட்டில் இருந்து நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் மயக்க டாக்டர். சர்ஜன் வயிற்றைப் பார்க்கிறார். உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர்.

இப்போது காபிக்கு வருகிறேன். சாப்பிடும்போது ஒரு பருக்கை தடம் மாறிப் போனால் நமக்குப் புரையேறுகிறது. "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லித் தலையில் தட்டுவோம். புரையேறுவது உடம்பு வைத்திருக்கும் காவல். மூச்சுக்குழாய்க்குள் வேறு எதுவும் போகக் கூடாது என்று அது இருமித் தள்ளுகிறது. மயக்க மருந்து கொடுத்ததும் அந்தக் காவலும் தூங்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் இருமல் வராது, யாருக்கும் சத்தமும் கேட்காது. வயிற்று அமிலமும் சேர்ந்து போனால் நுரையீரல் வெந்துபோகும். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1946-ல் 44,016 பிரசவங்களின் பதிவேடுகளைப் பார்த்து, அதில் 66 பெண்களுக்கு இப்படி நடந்ததை எழுதினார். பிரசவத்துக்கு மயக்கம் கொடுத்த காலம் அது. இந்த நிலைக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

"அரை டம்ளர்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெறும் தண்ணீர் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது இன்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழிமுறை. பால் சேராத கறுப்புக் காபி, கட்டன் சாயாவுக்கும் அதே கணக்குத்தான். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். மாட்டுப்பாலுக்கும் லேசான உணவுக்கும் 6 மணி நேரம். எண்ணெய்ப் பலகாரம், கறி, பிரியாணி என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. பால் குடிக்கும்போதுதான் தண்ணீர் போல இருக்கிறது. வயிற்றுக்குள் போய் அமிலத்தோடு சேர்ந்ததும் திரிந்து கட்டியாகிவிடும். எலுமிச்சை பிழிந்த பால் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காபியில் பால் இருக்கிறது, ஆகவே அது காபி இல்லை, சாப்பாடு. அண்ணி கொடுத்தது ஐந்தரைக்கு, மயக்கம் எட்டரைக்கு. வெறும் மூன்று மணி நேரம்.

அதே சமயம் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டு, முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கூடத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு போடும் ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன. எழுபது வயது மனிதரும் மூன்று வயதுக் குழந்தையும் பதினைந்து மணி நேரம் காய்ந்து கிடக்கிறார்கள். இது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம். பட்டியலைப் பார்த்து ஆளுக்கு ஒரு நேரம் சொல்வதற்குச் சோம்பல். "தண்ணி எத்தனை மணி வரைக்கும் கொடுக்கலாம்?" என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நீங்களே முடிவு பண்ணாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும், நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் வயிறு மெதுவாகக் காலியாகலாம், அவர்களுக்குக் கணக்கு மாறும்.

அண்ணன் விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கும் பங்கு உண்டு. என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. பரிசோதனைக்குப் போன அன்று யாரும் உட்கார வைத்துப் படித்துக் காட்டவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அண்ணி அதை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு முன்பு கொடுக்கும் தாளைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர் ஒரே நாளில் ஆயிரம் அடித்துத் தருவார்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்த்துப் பேசுவதை நம் ஆட்கள் "ஃபிட்னஸ் வாங்குவது" என்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. தாலுக்கா ஆபீசில் சான்றிதழ் வாங்குவது போல ஆகிவிட்டது. ரத்தம் எடுத்தாச்சு, ஈசிஜி எடுத்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு, முடிந்தது என்று நினைக்கிறார்கள். அன்று டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் முக்கியம். ஈசிஜி சொல்லாத பல விஷயங்களை உங்கள் வாய்தான் சொல்ல வேண்டும்.

அங்கேதான் நம் ஆட்கள் மறைக்கிறார்கள். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். மறைக்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வயது ஏழானாலும் எழுபதானாலும் ஒரே முகம்தான். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது, "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் எந்த மாமனார் உண்டு என்பார்? மகள் எதிரில் பீடியைப் பற்றி யார் சொல்வார்? தினமும் குடிப்பவருக்கு மயக்க மருந்தின் அளவு மாறலாம். ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென்று குடி நின்றதால் கை நடுங்கி, மூன்றாம் நாள் ஆள் தெரியாமல் கத்தினால், அதைச் சமாளிக்கவும் டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும். புகை பிடிப்பவருக்கு நுரையீரலில் சளி கட்டும், காயம் ஆறத் தாமதமாகும். சில வாரங்கள் முன்பே நிறுத்தினால் நல்லது. அது முடியாவிட்டால் முந்தின நாள் நிறுத்துவதற்கும் பலன் உண்டு, ரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடாவது குறையும்.

ஆகவே ஒரு யோசனை. நோயாளியோடு போகிறவர்கள் நீங்களாகவே, "டாக்டர், நாங்க அஞ்சு நிமிஷம் வெளியே நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று பிறகு தோண்டாதீர்கள். வயசுப் பெண் என்றால் அம்மாவும் வெளியே வர வேண்டும். கர்ப்பமாக இருக்கலாமா என்ற கேள்விக்கு அம்மா முன்னால் உண்மை வராது.

மாத்திரை விஷயத்தில் பெயரை மனப்பாடம் பண்ண வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சீட்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். சித்த மருந்து, லேகியம், மூலிகைப் பொடி, ஆன்லைனில் வாங்கிய சத்து மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். "இயற்கை மருந்துதானே" என்று ஒதுக்காதீர்கள், ரத்தம் உறைவதைக் குறைக்கும் பொருட்கள் அவற்றிலும் உண்டு. இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு முதுகில் ஊசி போட்டால், உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உண்டு. அதற்காக நீங்களே நிறுத்தினால் இதயத்துக்கு வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கத்தி இருப்பதால் முடிவு டாக்டருடையது.

அண்ணன் சாப்பிட்டது டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. இப்போது நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். பட்டினியும் ஆபரேஷனும் இந்த மாத்திரையும் சேரும்போது ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு பார்த்தால் சாதாரணமாகவே இருக்கும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒரு முறை போடும் செமாக்ளுடைடு ஊசி புதிதாக வந்திருக்கிறது. அது வயிறு காலியாவதை மெதுவாக்கும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு இருக்கலாம். எடை குறைக்க ஊசி போடுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மயக்க டாக்டரிடம் கூச்சம் வேண்டாம். ஆபரேஷன் அன்று காலையில் பிபி மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதும் மாத்திரைக்கு மாத்திரை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடும் பல், கழற்றும் பல்செட், குறட்டை, ராத்திரி மூச்சு நின்று திடுக்கென்று எழுவது, மாடி ஏறினால் இளைப்பது, சின்ன வயதில் வந்த வலிப்பு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, இதெல்லாம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குறட்டையைப் பற்றிப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும். கணவருக்காக மனைவியும் மனைவிக்காகக் கணவரும் சாட்சி சொல்லுங்கள்.

குடும்பக் கதையும் வேண்டும். "எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரலை, மெஷின்ல வச்சிருந்தாங்க" என்று யாராவது பேசிக் கேட்டிருந்தால், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தொண்டையில் குழாய் வைப்பதற்காகத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து உண்டு. பொதுவாகச் சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும், ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அவர்களுக்கு அதே மருந்து மணிக்கணக்கில் நிற்கும். இந்தியாவில் வைசியச் சமூகத்தினரிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பற்றிய ஆய்வு 2006-ல் வெளியானது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எந்தக் குடும்பத்திலும் இப்படி மறைந்து கிடப்பவை வெளியே வர வாய்ப்பு அதிகம். நம் குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்பே தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். தெரியாவிட்டால் தியேட்டருக்கு வெளியே ஒரு குடும்பம் மணிக்கணக்கில் அழுதுகொண்டு நிற்கும்.

நோயாளி மறைக்கக் கூடாது என்று இவ்வளவு சொன்ன நான், ஆஸ்பத்திரியைச் சும்மா விடப் போவதில்லை. மறைக்காமல் சொல்ல வேண்டுமானால் கேட்பதற்கு ஒரு ஆள் வர வேண்டுமே? சில வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நடந்தது. சர்ஜன் அருமையான மனிதர். மயக்க டாக்டரை முதலில் சந்தித்தது தியேட்டர் மேசையில் படுத்த பிறகுதான். அவர் இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு கேஸை முடித்துவிட்டு ஓடி வந்தவர், அடுத்ததற்கு ஓட வேண்டியவர். "ஏதாவது அலர்ஜி இருக்கா சார்?" ஒரே கேள்வி. படுத்துக்கிடக்கும் மனிதன் பயத்தில் என்ன சொல்வான்? இவரும் "இல்லை" என்றார். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது எங்கள் மாமியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, அதைக் கேஸ் சீட்டில் முன்பே நர்ஸம்மா ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் ஊராக ஓடுகிற வேலையாக அதை ஆக்கி வைத்திருக்கிறோம். பேக்கேஜ் பேசும்போது அறை ஏசியா இல்லையா என்று பேசுகிறார்கள், மயக்க டாக்டர் முந்தின நாள் வந்து பார்ப்பாரா என்பது பேச்சிலேயே வருவதில்லை. அவசர ஆபரேஷன் என்றால் சரி, அங்கே நிமிடங்கள்தான் இருக்கும். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு என்ன அவசரம்? ஆகவே அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள்: "மயக்க டாக்டரை முன்னாடியே பார்த்துப் பேசணும், எப்ப வரலாம்?" முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் நாம் கேட்காத கேள்வியா!

மயக்க மருந்தே ஆபத்து என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த மருந்து வருவதற்கு முன்பு ஆளைக் கட்டிப்போட்டுத்தான் அறுத்தார்கள். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர், ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுத்துக் கழுத்துக் கட்டியை வலியில்லாமல் அறுக்க வைத்தார். அந்த நாளைத்தான் இன்று உலக மயக்கவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பதினைந்து மாதம் கழித்து, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டுச் சில நிமிடங்களில் இறந்து போனாள். கால் நகத்துக்கு! ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம், மயக்கம் சின்னது இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அங்கிருந்து இன்றைக்கு இவ்வளவு பாதுகாப்பாக ஆனதற்குப் பெரிய காரணம், மயக்க மருந்து கொடுப்பவர்கள் ஒவ்வொரு சாவையும் எண்ணி, ஏன் என்று கேட்டதுதான். நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கருவியைச் சொல்கிறேன். கோவிட் சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த டாகுவோ அயோயாகி என்ற பொறியாளர். 1974-ல் அதை வெளியிட்டார். அதற்கு முன்பு நோயாளியின் உதடும் நகமும் நீலமாகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவதைத் தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அவர் 2020 ஏப்ரலில் இறந்தார், உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த மாதத்தில். (ஆபரேஷனுக்குப் போகும்போது நகப்பாலீஷை அழிக்கச் சொல்வது இந்தக் கருவி சரியாகப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். பேத்திகள் கவனிக்கவும்.)

கருவி மட்டும் போதாது. பள்ளியில் சுற்றுலா போகும்போது, "எல்லாரும் ஏறியாச்சு டீச்சர்" என்று லீடர் சொன்னாலும் நான் ஏறித் தலை எண்ணாமல் பஸ்ஸை எடுக்க விடமாட்டேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கென்று வெளியிட்டது இதே தலை எண்ணும் வேலைதான். 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல். மயக்கம் கொடுக்கும் முன்பு, அறுக்கும் முன்பு, தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன்பு என்று மூன்று இடத்தில் நிறுத்திச் சத்தமாகக் கேட்க வேண்டும். நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், அலர்ஜி உண்டா, ரத்தம் தயாரா, பஞ்சும் ஊசியும் எண்ணியாச்சா. டாக்டர் அதுல் கவாண்டே தலைமையில், புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது, சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தன. ஒரு தாள் செய்த வேலை!

ஆனால் 2014-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே பட்டியலைக் கொண்டுவந்ததை ஆராய்ந்தபோது சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. எனக்கு அது ஆச்சரியம் இல்லை. தலையைத் தூக்கிப் பார்க்காமல் அட்டெண்டன்ஸ் போடும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். டிக் அடிப்பது வேறு, கேட்பது வேறு.

ஆகவே ஆபரேஷன் அன்று நான்கு பேர் வந்து நான்கு முறை, "உங்க பேரென்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்?" என்று கேட்டால் எரிச்சல் படாதீர்கள். "இதுகூடத் தெரியாமலா வந்தீங்க" என்று கேலி பண்ணாதீர்கள். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

2005-ல் இங்கிலாந்தில் மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவி, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சைனஸ் பிரச்சினைக்காகச் சாதாரண ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாயில் குழாய் வைக்க முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் திரும்பத் திரும்ப அதையே முயன்றார்கள். கழுத்து வழியாக மூச்சுக்கு வழி செய்ய வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் ஒருவருக்குத் தோன்றி, அதற்கான கருவியையும் கொண்டுவந்துவிட்டார். டாக்டர்கள் கவனிக்கவில்லை, அவராலும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். கணவர் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமானத்தில் துணை விமானி தலைமை விமானியைத் தடுத்துப் பேசப் பழக்குவது போல, தியேட்டரிலும் பழக்க வேண்டும் என்று ஒரு அமைப்பே தொடங்கினார். இதைப் படித்தபோது எனக்கு வகுப்பின் கடைசி பெஞ்சு நினைவுக்கு வந்தது. விடை தெரிந்தும் கையைத் தூக்காத பிள்ளைகள். நர்ஸ் வேலையிலும் தியேட்டர் டெக்னீசியன் வேலையிலும் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் என் வகுப்பில் கை தூக்காதவர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போதாவது தூக்குங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு செய்வதைப் பற்றியும் கொஞ்சம். வெளியே கொண்டுவந்ததும் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். வாய் வறண்டிருக்கிறது என்று ஸ்பூனில் தண்ணீர் விடாதீர்கள், விழுங்கும் சக்தி முழுசாக வந்ததா என்று நர்ஸ் பார்த்துச் சொல்ல வேண்டும். குளிரில் நடுங்குவதும் குமட்டலும் சாதாரணமாக வருவதுதான், சொன்னால் மருந்து கொடுப்பார்கள். வலிக்கு வீரியமான ஊசி போட்டிருக்கும்போது ஆள் எழுப்பினாலும் எழாமல் குறட்டை விட்டால், "பாவம், நல்லாத் தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சத்தம் மூச்சு அடைப்பதாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். துணைக்கு இருப்பவர் செல்போனை வைத்துவிட்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும்.

வயதானவர்கள் ஒன்றிரண்டு நாள் இடம், காலம் புரியாமல் பேசலாம். இறந்துபோன தம்பியைக் கூப்பிடுவார்கள், குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குவார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று அழாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் ஆபரேஷன் என்றால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மருந்தின் மிச்சம் தலைக்குள் இருக்கும்.

எங்கள் பெண்களிடம் ஒன்று. "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதிலேருந்து இடுப்பு வலி தீரவே இல்லை" என்று சொல்லாத வீடு இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கும். உட்கார்ந்தால் அதிகமாகிப் படுத்தால் குறைகிற தலைவலி சிலருக்கு வரும், அதைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும், வைத்தியம் உண்டு. ஆனால் வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பிள்ளையைச் சுமந்த இடுப்பு, தூக்கி வளர்த்த இடுப்பு, குனிந்தே வேலை செய்யும் இடுப்பு. பழி மட்டும் பத்து நிமிட ஊசிக்கு.

குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு: அந்த டாக்டரைப் பற்றி எழுதியதை எழுதியவர்களே அழித்துவிட்டால் நல்லது. அடுத்த மாதம் மதுரை அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். மாத்திரை அட்டைகளை இப்போதே பைக்குள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மயக்க டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று கூடப் போவது நான். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மயக்க மருந்துத் துறையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், விட்டுப்போன கேள்விகளைக் கீழே எழுதுங்கள், நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.